வெளிநாட்டுப் பயணத்துக்கு அடாப்டர்: மூன்றாவது கால் எங்கே போகிறது?

சிங்கப்பூர் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரமும் தஞ்சாவூர் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரமும் ஒன்றுதான். இரண்டுமே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனாலும் இங்கே அழுத்திச் சொருகும் பிளக் அங்கே போகாது. இந்த ஒரு தடையைத் தாண்டத்தான் நாம் அடாப்டர் வாங்குகிறோம். கடையில் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்: "இது இந்தியாவுக்குப் போகுமா?" போகும் என்றால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது, குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வேண்டுமே என்று வீட்டுக் கெட்டிலையும் எடுத்துப் போயிருந்தோம். கூடவே, உலகம் முழுதும் பயன்படும் என்று அட்டையில் போட்டிருந்த ஓர் அடாப்டர். சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா கூப்பிட்டார். "தம்பி, என்னமோ கருகுற வாடை வருது, வந்து பாரு." போய்ப் பார்த்தால் அடாப்டரின் ஒரு பக்கம் பழுப்பேறி இளகிப் போயிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டபோதும் விரல் சுட்டது. அந்தக் கெட்டிலுக்குப் பக்கத்தில்தான் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். அந்த அடாப்டரில் வோல்ட் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே தவறாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரே மின்சாரத்துக்கு ஏன் இரண்டு துளை என்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும்.

இந்தியாவில் இன்று இருக்கும் மூன்று உருண்டைக் கால் பிளக், ஒரு காலத்தில் பிரிட்டனின் சொந்தப் பிளக். 1934இல் வந்த பிஎஸ் 546 என்ற தரத்தில் அது இருக்கிறது. 5 ஆம்புக்குச் சிறியது, 15 ஆம்புக்குப் பெரியது. ஊரில் இன்றைக்கும் "5 ஆம்ப் பிளக்", "15 ஆம்ப் பிளக்" என்று சொல்வது அந்த வழக்கம்தான். இந்தியத் தரம் இப்போது அவற்றை 6 ஆம்ப், 16 ஆம்ப் என்று குறிக்கிறது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்குப் பின் பிரிட்டன் லட்சக்கணக்கில் வீடுகள் கட்ட வேண்டியிருந்தது, செம்புக்கோ தட்டுப்பாடு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக, வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகக் கம்பியை ஓட்டி, அதிலேயே எல்லாச் சாக்கெட்டையும் கோத்துவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். செம்பு மிச்சமானது. ஆனால் ஒரு சிக்கல். வளையம் முழுவதையும் காக்கும் ஃபியூஸ் 30 ஆம்ப். ஒரு மேசை விளக்கின் மெல்லிய வயரில் கோளாறு வந்தால், அந்த 30 ஆம்ப் ஃபியூஸ் போவதற்குள் வயர் தீப்பற்றிவிடும். அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் அதற்கென ஒரு சின்ன ஃபியூஸ் வைத்தார்கள். அதுதான் நம் வீட்டுச் சதுரக்கால் பிளக். 1947இல் வந்த பிஎஸ் 1363. அதைத் திட்டமிட்ட குழுவில் இருந்த கரோலின் ஹாஸ்லெட் என்ற மின்பொறியாளர், குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தினார். சாக்கெட்டின் இரண்டு கீழ்த் துளைகளையும் ஒரு மூடி மறைத்திருப்பதும், மேலே உள்ள நீளமான எர்த் கால் உள்ளே போனால்தான் அந்த மூடி திறப்பதும் அந்த அக்கறையின் பலன்.

1947 இந்தியா விடுதலை பெற்ற ஆண்டும்கூட. இந்தியா பழைய உருண்டைக் காலிலேயே நின்றுவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் மேலும் சில ஆண்டுகள் இருந்த சிங்கப்பூரும் மலாயாவும் சதுரக் காலுக்கு மாறின. ஆக, நம் பெட்டியில் கிடக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இரண்டு தலைமுறை பிரிட்டிஷ் பிளக்குகளை ஒன்றோடொன்று பேசவைக்கிறது.

இந்த வரலாற்றில் பயணிக்குத் தேவையான செய்தி ஃபியூஸைப் பற்றியது. சிங்கப்பூர்க் கருவியை ஊருக்கு எடுத்துப் போனால், ஃபியூஸ் நம் பிளக்குக்குள்ளேயே கூடப் போகிறது. நல்லது. ஊரிலிருந்து ஒரு கருவியை இங்கே கொண்டுவந்தால் கதை வேறு. இந்தியப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. அங்கே தேவையும் இல்லை. அதை ஃபியூஸ் இல்லாத ஓர் அடாப்டர் வழியாக நம் வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவரில் சொருகினால், அந்த வயருக்கும் மின்பலகையில் இருக்கும் 20 அல்லது 32 ஆம்ப் சுவிட்சுக்கும் நடுவே காவலுக்கு ஒன்றும் இல்லை. அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த மிக்ஸியும், கோயம்புத்தூர் கிரைண்டரும் பல வீடுகளில் இப்படித்தான் ஓடுகின்றன. வோல்ட் ஒன்றே என்பதால் அவை நன்றாகவே ஓடும். அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. அவற்றுக்கு அடாப்டர் வேண்டவே வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, பாதுகாப்புக் குறி உள்ள 13 ஆம்ப் பிளக்கை மாட்டி, வயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் போட்டுக்கொள்வதுதான் முறை. சில வெள்ளிதான் ஆகும்.

இனி வோல்ட். இதைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிப்பார்கள். ஆனால் இன்றைய பயணிக்கு இதில்தான் கவலை குறைவு. கைப்பேசி, மடிக்கணினி, கேமரா இவற்றின் சார்ஜரில் பொடி எழுத்தில் "இன்புட்" என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது உலகத்தில் எங்கும் ஓடும். துளை பொருந்தினால் போதும். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்குப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளும் கருவிகளிலும் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் அதை மட்டும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்துப் படித்துவிடுங்கள்.

அந்த வரியில் 220–240 என்று மட்டும் இருந்தால், அந்தக் கருவியை ஜப்பான், தைவான், அமெரிக்கா பக்கம் கொண்டுபோவதில் பயனில்லை. சூடு தரும் கருவிகளில் வோல்ட் பாதியானால் சக்தி பாதியாகாது, கால் பங்காகும். 230 வோல்டுக்குச் செய்த 700 வாட் சோற்றுப் பானையை ஜப்பானின் 100 வோல்டில் போட்டால் சுமார் 130 வாட்தான் கிடைக்கும். அரிசி ஊறும், வேகாது. இது நட்டம் மட்டுமே. தலைகீழாக நடந்தால் ஆபத்து. தோக்கியோவில் ஆசைப்பட்டு வாங்கிவந்த 100 வோல்ட், 600 வாட் பானையை இங்கே வெறும் அடாப்டரில் சொருகினால், அது 3,000 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். சில நொடிகளில் உள்ளே கருகிவிடும், அல்லது அதைவிட மோசமாகும். அடாப்டர் துளையின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டை மாற்றாது. வோல்டை மாற்றுவது டிரான்ஸ்ஃபார்மர். சோற்றுப் பானை அளவுக்குச் சக்தி தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் மாதிரி கனக்கும். அதைச் சுமப்பதைவிட அங்கேயே ஒரு சின்னக் கருவி வாங்கிக்கொள்ளலாம், அல்லது விடுதியில் இருப்பதைக் கேட்கலாம்.

ஜப்பானைப் பற்றி இன்னொன்று. நாடு முழுக்க 100 வோல்ட்தான். ஆனால் தோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா இருக்கும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். 1890களில் தோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்காவுக்கு அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகள் வந்தன. அந்தப் பிளவு இன்றுவரை ஆறவில்லை. சார்ஜர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன். அங்கே நிஜமாகவே தடுக்கும் விஷயம் வேறு. ஜப்பானியச் சாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு தட்டைத் துளை மட்டும் உள்ளவை. அமெரிக்காவுக்கென்று மூன்று கால் அடாப்டர் வாங்கியிருந்தால் அது நுழையாது. இரண்டு காலிலும் ஒன்று கொஞ்சம் அகலமாக இருந்தால் அதுவும் பல இடங்களில் நுழையாது. இரண்டும் ஒரே அகலத்தில் இருக்கும் இரண்டு கால் அடாப்டர்தான் அங்கே தோது.

என் கெட்டிலுக்கு வருகிறேன். அந்த அடாப்டர் ஏன் இளகியது?

முதலில், சுமை. அடாப்டரின் முதுகில் 6 ஆம்ப் என்று அச்சிட்டிருந்தது. நான் படிக்கவில்லை. கெட்டில் 2,000 வாட். வாட்டை வோல்டால் வகுத்தால் ஆம்ப் வரும். 2,000ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.7. ஆறு ஆம்ப் தாங்கும் பொருளின் வழியே ஒன்பதுக்குப் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறேன். இந்த ஒரு வகுத்தல் கணக்கைக் கடையில் நின்றபடியே போட்டுவிடலாம். 6 ஆம்ப் அடாப்டர் இந்தியாவில் 1,380 வாட் வரை தாங்கும். அதே அடாப்டர் ஜப்பானில் 600 வாட்தான் தாங்கும், ஏனென்றால் அங்கே வோல்ட் குறைவு. சில பெட்டிகளில் பெரிய வாட் எண்ணை மட்டும் போட்டிருப்பார்கள். அது 230 அல்லது 240 வோல்டுக்கான கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். கைப்பேசி சார்ஜர் 20 வாட், மடிக்கணினி 65 வாட் என்றால் எந்த அடாப்டரும் தாங்கும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி என்று சூடு தரும் எதுவாக இருந்தாலும் கணக்குப் போடாமல் சொருகக் கூடாது.

அடுத்து, பிடிமானம். அந்த "உலக" அடாப்டரில் பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நான்கு நாட்டுக் கால்கள்தான் இருந்தன. இந்தியக் கால் கிடையாது. ஐரோப்பியக் கால் இந்தியச் சாக்கெட்டில் நுழையும் என்று சொல்லி விற்கிறார்கள். நுழையும்தான். மெல்லிய ஐரோப்பியக் கால்களின் விட்டம் 4 மில்லிமீட்டர். இந்திய 5 ஆம்ப் பிளக்கின் கால் 5 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கால் தளர்ந்து தொங்குகிறது. அடாப்டரின் கனம் வேறு கீழே இழுக்கிறது. உலோகத்தோடு உலோகம் இறுக்கமாகத் தொடாத இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். காதை வைத்தால் மெல்லிய சடசடப்பு கேட்கும். அப்படிக் கேட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள். இந்தியாவுக்குப் போகிறவர்கள் தடித்த மூன்று உருண்டைக் கால் உள்ள, இந்தியாவுக்கென்றே செய்த அடாப்டரை வாங்குவது நல்லது. சிங்கப்பூரில் தேக்கா, சிராங்கூன் சாலை வட்டாரத்தில் கேட்டால் கிடைக்கும். கையில் பிடித்துப் பாருங்கள். இன்னும் பெரிய கால் உள்ள 15 ஆம்ப் வகையும் உண்டு. அது தென்னாப்பிரிக்காவில் சாதாரணமாக வழக்கத்தில் இருப்பது. பெயர் குழம்பி அதை வாங்கிவிட்டால் ஊரில் சாதாரணச் சாக்கெட்டில் போகாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. அந்த அடாப்டரில் எர்த் இல்லை.

நம் கெட்டிலின் பிளக்கில் மூன்று கால். அடாப்டரின் முகத்தில் மூன்று துளை. ஆனால் மறுபக்கம் வெளியே வந்தது இரண்டே கால். நடுவில் மூன்றாவது கால் எங்கே போனது? எங்கும் போகவில்லை, உள்ளே வெறும் பிளாஸ்டிக்கில் முட்டி நின்றுவிட்டது. உலோக உடம்புள்ள கெட்டிலுக்குள் கம்பி ஒன்று நழுவி உடம்பைத் தொட்டால், அந்த மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய பாதை அந்தக் கால்தான். பாதை இல்லையென்றால் கெட்டிலைத் தொடும் கைதான் பாதை. எல்லா நாட்டுக்கும் ஒன்றே என்று வரும் சறுக்குப் பொத்தான் அடாப்டர்களில் பெரும்பாலானவை இப்படி எர்த்தை விட்டுவிடுபவை. அட்டையில் அதைப் பொடி எழுத்தில் சொல்லியும் இருப்பார்கள்.

மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுக்கொண்டு அதன் உலோக மேற்பரப்பைத் தடவும்போது லேசாக ஒரு கூச்சம், எறும்பு ஊர்வது மாதிரி, உணர்ந்திருப்பீர்கள். சார்ஜருக்குள் இருக்கும் மின்இரைச்சல் வடிகட்டி வழியே மிகச் சிறிய மின்சாரம் கசிந்து மடிக்கணினியின் உடம்புக்கு வருகிறது. எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் வழிந்துவிடும். இல்லாததால் விரலுக்குத் தெரிகிறது. சரியான சார்ஜராக இருந்தால் அதனால் கெடுதி இல்லை. ஆனால் எர்த் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பதை விரலால் தெரிந்துகொள்ளும் தருணம் அது.

எந்தக் கருவிக்கு எர்த் அவசியம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதுகில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால், அதற்கு இரட்டைக் காப்பு இருக்கிறது, எர்த் தேவையில்லை. கைப்பேசி சார்ஜர்களில் அதைப் பார்க்கலாம். அவற்றின் மேல் கால் பல நேரம் பிளாஸ்டிக்காகவே இருக்கும். அந்தக் கால் சாக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டும்தான். அந்தக் குறி இல்லாமல், மூன்று காலும் உலோகமாக இருந்தால், அந்தக் கருவிக்கு எர்த் வேண்டும். அடாப்டரிலும் எர்த் தொடர வேண்டும்.

சிங்கப்பூரில் இதை நாம் மறந்துவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1985 ஜூலையிலிருந்து இங்கே கட்டப்படும் வீடுகளின் மின்பலகையில் மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். 30 மில்லிஆம்ப் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அணைந்துவிடும். அது இல்லாத பழைய வீடுகளுக்கும் 2023 ஜூலையில் விதி வந்தது. 2025 ஜூலை 1க்குள் பொருத்திவிட வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் அவகாசம் கொடுத்தது. ஆக, இங்கே நாம் ஒரு தவறு செய்தாலும் பின்னால் ஒரு காவலாளி நிற்கிறார். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் அந்தக் காவலாளி இருப்பார் என்று நினைக்க முடியாது. அங்கே சாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தும் பின்னால் எர்த் கம்பியே இணைக்காமல் விட்டிருப்பதும் உண்டு. அடாப்டரும் எர்த்தை விட்டுவிட்டால் ஒன்றுமே மிச்சமில்லை. ஈரக் கையோடு கெட்டிலைத் தூக்கும் அத்தையையும், சுவரோரம் தவழும் குழந்தையையும் நினைத்துத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மற்ற நாடுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். மலேசியா, ஹாங்காங், பிரிட்டன், துபாய்க்கு நம் பிளக்கே போதும். உம்ராவுக்குச் சவூதி போகிறவர்களுக்கும் பெரும்பாலும் அதுவே. இலங்கையில் நம் சதுரக் காலையே நாட்டின் தரமாக்கிவிட்டார்கள். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்குப் போனால் பழைய உருண்டைத் துளை இருக்கலாம், இந்திய அடாப்டரை எடுத்துப் போங்கள். இந்தோனேசியாவின் பாத்தாம், கொரியா, ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இரண்டு உருண்டைக் கால். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த நாடுகளின் சாக்கெட் வட்டமாகச் சுவருக்குள் குழிந்திருக்கும். பெட்டி மாதிரி இருக்கும் உலக அடாப்டர் அந்தக் குழிக்குள் இறங்காமல் விளிம்பில் இடிக்கும். வட்டமான, பக்கத்தில் எர்த் தகடு உள்ள அடாப்டர் கச்சிதமாக இறங்கும், எர்த்தும் கிடைக்கும். சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் அந்த வட்ட வகை பல இடங்களில் நுழையாது. மெல்லிய இரண்டு கால் நுழையும். ஆஸ்திரேலியாவுக்குச் சாய்ந்த தட்டைக் கால். சீனாவில் அதுவும் உண்டு, ஜப்பான் மாதிரி நேரான தட்டைத் துளையும் உண்டு. தாய்லாந்தில் பல சாக்கெட்டுகள் தட்டைக் காலையும் உருண்டைக் காலையும் ஏற்கும்.

திரும்பி வந்தபின் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாங்கிய இரண்டு கால் பிளக்கை நம் சாக்கெட்டில் சொருக, மேல் துளைக்குள் பேனா மூடியையோ சாப்ஸ்டிக்கையோ விட்டு மூடியைத் திறப்பது. இந்த ஊரில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். பலர் செய்தும் இருப்போம். குழந்தைக்காக வைத்த பூட்டை நாமே உடைத்துக் காட்டுகிறோம், குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஃபியூஸும் இல்லை, காலும் சரியாகப் பிடிக்காது. ஃபியூஸ் உள்ள இரண்டு கால் அடாப்டர் எந்தச் சுற்றுவட்டாரக் கடையிலும் கிடைக்கிறது. நம் சுவரில் சொருகும் பல துளை அடாப்டர்களையும் நீட்டிப்பு வயர்களையும் அரசிடம் பதிவு செய்து, பாதுகாப்புக் குறியோடுதான் விற்க வேண்டும். அந்தக் குறியையும் அதன் கீழே உள்ள பதிவு எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

இப்போது எங்கள் பயணப் பையில் இருப்பது இதுதான். நான்கு துளை உள்ள யுஎஸ்பி சார்ஜர் ஒன்று, 65 வாட், 100–240 வோல்ட். முன்பு இதற்கு நான்கு சார்ஜர் தேவைப்பட்டது. காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்திப் பொருள் சார்ஜர்களுக்குள் வந்தபின் உள்ளங்கையில் அடங்குகிறது. போகும் நாட்டுக்கென்றே ஓர் அடாப்டர், எர்த்தோடு. அந்த நாடு இந்தியாவாக இருந்தால் தடித்த மூன்று உருண்டைக் கால், இரண்டு. கெட்டிலை எடுத்துப் போவதில்லை. சித்தப்பா வீட்டில் ஒரு கெட்டில் வாங்கி வைத்துவிட்டோம், இந்தியப் பிளக்கோடு. போன தடவை போனபோது எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் கம்பியும், மீட்டர் பக்கத்தில் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சும் போட்டோம். சித்தப்பா அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "வேலை செய்யுதுடா தம்பி" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்.